ராவிலே என்றால் ராத்திரி அல்ல

வாசகர் கேள்வி – பதில்

ஆரியங்காவு, களியக்காவிளை, குமுளி வழியாகக் கேரள எல்லைக்கு அந்தப்புறம் போய் வைத்தியம் பார்த்துவிட்டு இந்தப்புறம் வீடு திரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மருந்தாளுநர்களும் செவிலியர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய்க் கேளுங்கள்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறாம் நாள் அனுப்பிவிட்டார்கள். மொத்தம் பதினோரு மருந்து. சீட்டு ஆங்கிலத்தில், நர்ஸ் சொன்னது மலையாளத்தில். வீட்டில் பழைய பிரஷர், சுகர் மாத்திரைகளும் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, செங்கோட்டை

மொழியிலிருந்தே தொடங்குவோம். ‘ராவிலே ஒண்ணு’ என்று மலையாளத்தில் சொன்னால் காலையில் ஒன்று என்று பொருள். திருநெல்வேலிப் பக்கத்துக் காதுக்கு அது ‘ராவுல ஒண்ணு’ என்று இரவாகவே விழும். காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையை இரவில் போட்டு, விடிய விடிய எழுந்து, கழிவறை வாசலில் வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. ‘உச்சைக்கு’ என்றால் மதியம், ‘வைகிட்டு’ என்றால் மாலை. ‘திவசவும்’ என்றால் தினமும். ‘ஆழ்ச்சயில் ஒரிக்கல்’ என்றால் வாரத்துக்கு ஒரு முறை. கவனிக்க வேண்டியது இதைத்தான். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் போடுவது. தினமும் போட்டால் சில நாட்களிலேயே வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். ‘பக்ஷணத்தினு மும்பு’ சாப்பாட்டுக்கு முன், ‘சேஷம்’ பின்.

அடுத்தது சீட்டில் உள்ள குறிகள். 1-0-1 என்று மூன்று இலக்கம் இருந்தால் காலை, மதியம், இரவு. நான்கு இலக்கம் இருந்தால் நடுவில் மாலை ஒன்று சேரும். அங்கே மூன்றாவது இலக்கத்தை இரவு என்று படித்துவிடுவார்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு, டி.டி.எஸ். மூன்று. ஹெச்.எஸ். என்றால் படுக்கும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். பக்கத்தில் 5/7 என்று எழுதியிருந்தால் ஐந்து நாள், 2/52 என்றால் இரண்டு வாரம், 1/12 என்றால் ஒரு மாதம். 5/7-ஐ ‘வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு லீவு’ என்று படித்துவிடக் கூடாது.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், அலமாரி, பை, சாமி மாடம், ஃப்ரிட்ஜ் கதவு என்று ஒன்றுவிடாமல், ஒரு பாயில் கொட்டுங்கள். ஆஸ்பத்திரி கொடுத்தவை ஒரு பக்கம், பழையவை இன்னொரு பக்கம். ஒவ்வொரு அட்டையிலும் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று. இப்போது ரோசுவாஸ்டாட்டின், ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75 மூன்றையும் ஒரே கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுக்கிறார்கள். வீட்டிலோ பழைய டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் தனியாக, அட்டோர்வாஸ்டாட்டின் தனியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆஸ்பிரின் இரட்டிப்பாகி வயிற்றில் ரத்தக் கசிவு வரும். ரோசுவாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒரே குடும்பம்; இரண்டும் சேர்ந்தால் தொடையிலும் தோளிலும் தசைவலி, சிறுநீர் நிறம் மாறுவது என்று போகும். டெல்மிசார்டனும் லோசார்டனும், மெட்டோப்ரோலாலும் அட்டெனோலாலும் இதே மாதிரி இரட்டை. ‘ஓலால்’, ‘சார்டன்’, ‘ஸ்டாட்டின்’, ‘ப்ரில்’ என்று ஒரே வாலோடு முடியும் இரண்டு மருந்து வீட்டில் இருந்தால், இரண்டும் வேண்டுமா என்று கேட்காமல் போடாதீர்கள்.

பிறகு ஒரே ஒரு தாள். மருந்தின் மூலப்பெயர், கம்பெனி பெயர், எத்தனை மி.கி., எதற்கு, எந்த வேளை, எந்தத் தேதி வரை, யார் எழுதியது என்று ஏழு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதை அதுதான் சொல்லும். நிறுத்தச் சொன்ன பழைய மருந்துகளையும் கீழே எழுதி, ‘நிறுத்தியது’ என்று தேதி போட்டு அடித்துவிடுங்கள். எழுதாமல் விட்டால் மூன்று மாதம் கழித்து யாராவது அதை மறுபடி வாங்கி வருவார்கள். அந்தத் தாளைப் போனில் படமெடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்புங்கள். பல் பிடுங்கப் போனாலும் காய்ச்சலுக்குப் போனாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இன்னொரு குழப்பமும் வரும். காலை டோஸ் வார்டிலேயே கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சீட்டில் ‘காலை’ என்று இருக்கிறதே என்று மறுபடி போடுவார்கள். அல்லது புனலூர் தாண்டி மலை இறங்கி வரும்போது கடை மூடிவிடும். இரவு க்ளோபிடோக்ரெல் கையில் இல்லாமல் போகும். படுக்கையை விட்டு எழும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: “அடுத்த டோஸ் எது, எத்தனை மணிக்கு?” மருந்தைக் கையில் வாங்கிய பிறகே ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுங்கள். நர்ஸ் சொல்லி முடித்ததும் நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தலையாட்டிவிட்டு வருவதால்தான் முக்கால்வாசித் தவறு நடக்கிறது.

ஸ்டென்ட் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் (அல்லது டைகாக்ரெலார்) சேர்ந்து போடும் காலம், மாரடைப்புக்கு வைத்த ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக 12 மாதம். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடும்; அது முதல் மாரடைப்பைவிட மோசமாக இருக்கும். பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் ஓமெப்ரசோல் கேட்டு வாங்காதீர்கள். அது க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கிறது. பான்டோப்ரசோல் எழுதியிருந்தால் அதையே போடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறார்கள். பாறசாலைப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவர்கள் எழுதின மாத்திரையும் இருக்கிறது. ரெண்டும் போடணுமா?
– வாசகர், களியக்காவிளை

முன்னே சொன்னபடி பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கிடைக்கும் அட்டையில் அம்லோடிபின் 5 மி.கி. என்று தனியாக இருக்கலாம். ஆஸ்பத்திரி எழுதியது டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையாக இருக்கலாம். இரண்டும் போட்டால் அம்லோடிபின் இருமடங்கு. கணுக்கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சுகருக்கும் அப்படித்தான். அங்கே மெட்ஃபார்மின் தனி, இங்கே க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது.

வீட்டுக்கு வரும் அக்காவிடம் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலைக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த அக்காவிடம் இருக்கும் பதிவேட்டில் பழைய மருந்து இருக்கும்வரை மாதாமாதம் அதுவேதான் வீட்டுக்கு வரும். இலவசமாகத் தருவதை எப்படி வேண்டாம் என்பது என்று கூச்சப்பட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வாங்கி வைத்த மாத்திரை ஒருநாள் வாய்க்குள் போய்விடும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி எழுதியதில் எது அரசிடம் அதே மூலப்பெயரில், அதே மி.கி.யில் கிடைக்கிறதோ, அதைத் தாராளமாக அங்கே வாங்கலாமா என்று கேளுங்கள். காசு இல்லாமல் தினமும் போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு அட்டையை இழுத்தடிப்பது நம் ஊர்களில் சொல்லாமல் நடக்கும் விஷயம். டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: “இவ்வளவு செலவு தாங்காது, இதே மருந்து மலிவாக உண்டா?” மக்கள் மருந்தகம், தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகம், கேரளத்தில் காருண்யா மருந்தகம் எல்லாம் அதற்காகவே இருக்கின்றன. மாத்திரையைப் பாதியாக்கிச் சமாளிப்பதைவிட டாக்டர் தேர்ந்தெடுத்துத் தரும் மலிவான மருந்து ஆயிரம் மடங்கு மேல்.

அம்மா ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர். இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். லேசான வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் காலையில் நீர் மாத்திரை போடாமலே கிளம்பிவிடுகிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.
– மகள், கம்பம்

அம்மா சொல்பேச்சுக் கேட்கிறாரா இல்லையா என்பதல்ல இங்கே பிரச்சினை. நீர் மாத்திரையான ஃபுரோசமைடு போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் வரத் தொடங்கி, முதல் இரண்டு மூன்று மணி நேரம் நிற்காமல் போகும். வேகம் ஆறு மணி நேரத்தில் அடங்கும். விடியற்காலை வீட்டில் போட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்த ஜீப்பில் குமுளி மலையேறினால் ஒரு பெண் எங்கே இறங்குவார்? தோட்டத்திலும் மறைவிடம் தேடி, அட்டைப்பூச்சிக்கு நடுவே உட்கார வேண்டும். மாத்திரையை விடுவது அவருக்கு மானப் பிரச்சினை. திட்டினால் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு வாசலில் துப்புவார்.

‘காலை’ என்று சீட்டில் எழுதியிருப்பது இரவுத் தூக்கம் கெடாமல் இருப்பதற்காகத்தான். நாளுக்கு ஒரு வேளை என்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அதாவது நாலு மணிவாக்கில், மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார். இரவு பத்து மணிக்குள் அடங்கிவிடும். ஐந்து மணிக்கு மேல் தள்ளக் கூடாது. நாளுக்கு இரண்டு வேளை எழுதியிருந்தால் இது சரிவராது. வேலை நாளுக்கு என்ன செய்வது, லீவு நாளுக்கு என்ன செய்வது என்று டாக்டரே பிரித்துச் சொல்ல வேண்டும்.

இதோடு ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், கஞ்சி குடிக்கும் முன், ஒரே மாதிரித் துணியோடு நின்று எடை பார்த்து காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் வருவதற்கு முன்பே அந்த எண் சொல்லிவிடும். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாறாக, வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து எதுவும் தங்காத நாளில், நீர் மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; மெட்ஃபார்மின் போன்ற சில சுகர் மாத்திரைகளும் ஆபத்தாகலாம். அன்றைக்குப் போடலாமா என்று கேட்டுப் போடுவதுதான் சரி.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு ரெண்டாகப் போடலாமா?
– வாசகர், போடி

கூடாது. அடுத்த வேளைக்குப் பாதிக்கு மேல் நேரம் இருந்தால் நினைவு வந்தவுடன் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கம்போல் போடுங்கள். காலை எட்டு மணிக்குப் போடும் ஒருவேளை மருந்து மாலை ஐந்துக்கு நினைவு வந்தால் போடலாம், மறுநாள் விடியற்காலை நினைவு வந்தால் விடலாம்.

இதற்கு விலக்குகள் உண்டு. க்ளிமிபிரைடு, கிளிபென்க்ளமைடு போன்ற சுகர் மாத்திரையைச் சாப்பாடு இல்லாத நேரத்தில் ‘ஈடுகட்ட’ப் போட்டால் சுகர் இறங்கி மயக்கமாகும். ரத்தம் உறையாமைக்கான அசினோகூமரால், வார்ஃபரின் மாத்திரை மறந்தால் அன்று நள்ளிரவுக்குள் போடலாம். மறுநாள் இரட்டிப்பாக்காமல், விட்ட தேதியை எழுதிவைத்து அடுத்த ரத்தப் பரிசோதனையில் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை இரண்டு வேளை விட்டால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இன்சுலின் ஊசி பற்றி: ஆஸ்பத்திரியில் பேனா, வீட்டில் குப்பி. கடைக்காரர் தந்த சிரிஞ்ச் வேறு மாதிரி இருக்கிறது. ஏதும் தவறா?
– வாசகி, ஆனைமலை

நல்ல வேளை, கேட்டீர்கள். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாறினால் கணக்கு இப்படிப் போகும்: 40 யூனிட் குப்பியில் இருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் இறங்கவே இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மறுபடி, பேனாவின் குழலில் இருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது ஆளையே கொல்லும். குப்பியில் எழுதியிருக்கும் 40 அல்லது 100-ஐயும், சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிடுங்கள். பேனாக் குழலில் இருந்து சிரிஞ்சால் இழுக்கவே வேண்டாம்.

பேனாவில் இருந்து குப்பிக்கு மாற்றும்போது யூனிட் எண் மாறாது. மருந்தின் வகை மாறியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். 30/70 என்ற கலங்கலான மருந்து என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து, பால் போல ஒரே சீரானபின் இழுங்கள். குலுக்கக் கூடாது. தொப்புளில் இருந்து இரண்டு விரல் தள்ளி, தினமும் இடம் மாற்றிக் குத்துங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டினால் மருந்து அங்கேயே தங்கிவிடும்.

பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில். பனிப்பெட்டியில் வைத்து உறைந்த இன்சுலினைத் தூக்கி எறியுங்கள், கரைந்து வந்தாலும் அது வேலை செய்யாது. பிரித்த குப்பியை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பது நல்ல வழி. கைகால் நடுங்கி வியர்த்தால், அல்லது சுகர் 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு மூக்குக் குழாய். எல்லா மாத்திரையையும் இடித்துக் கஞ்சியில் கலந்து ஊற்றலாமா?
– பேரன், குழித்துறை

கஞ்சியில் கலக்க வேண்டாம். குழாய் அடைத்துக்கொள்ளும், கஞ்சி பாதியில் நின்றால் மருந்தும் பாதிதான். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே பொடித்து 10 முதல் 15 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். முதலில் 30 மி.லி. தண்ணீர், பிறகு மருந்து, ஒவ்வொரு மருந்துக்கு நடுவிலும் 10 மி.லி., கடைசியில் மறுபடி 30 மி.லி. ஊற்றுங்கள். தண்ணீரை அளவாகத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த அளவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார வைத்துக் கொடுத்து, அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருங்கள்.

எல்லா மாத்திரையையும் இடிக்க முடியாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர்., சி.ஆர்., எம்.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்தது. இடித்தால் ஒருநாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நிஃபெடிபின் போன்றவற்றில் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். பான்டோப்ரசோல் மாத்திரையின் மேல்பூச்சு வயிற்று அமிலத்தில் இருந்து மருந்தைக் காப்பதற்கானது, இடித்தால் பயனில்லை. இவற்றுக்கு மாற்று என்ன என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள், சிரப்போ வேறு வகை மாத்திரையோ இருக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் கொடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் குழாய் உணவை ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டியிருக்கும், உணவோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராது. எவ்வளவு நேரம் என்பதை ஆஸ்பத்திரியிலேயே எழுதி வாங்குங்கள்.

இருதய வால்வு மாற்றி இரண்டு மாதம். அசினோகூமரால் மாத்திரை நம் ஊர்க் கடையில் சில நேரம் 2 மி.கி. இருக்கும், சில நேரம் 1 மி.கி.தான் இருக்கும். சமாளித்துக்கொள்ளலாமா?
– வாசகர், தக்கலை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து குமரி, நெல்லை மக்கள் பலர் அந்த வால்வோடு வாழ்கிறார்கள். இயந்திர வால்வு எதுவாக இருந்தாலும் இந்த மாத்திரை ஆயுள் முழுவதும்.

இது ஊசிமுனை மருந்து. கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். 2 மி.கி. ஒன்றுக்குப் பதில் 1 மி.கி. இரண்டு என்பது கணக்குக்குச் சரி. ஆனால் தவறு நடப்பது அடுத்த மாதம்: 2 மி.கி. அட்டை மறுபடி வந்ததும் பழக்கத்தில் இரண்டு போடுவார்கள். எனவே ஒரே மி.கி. அட்டையை மட்டும் வீட்டில் வையுங்கள், பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். திங்கள், புதன் 2, மற்ற நாள் 3 என்று மாறி மாறி எழுதியிருந்தால் காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் எண்ணை எழுதி, போட்டதும் அடியுங்கள். மாலை ஆறு மணிக்குப் போடுவது வசதி. காலையில் ரத்தம் கொடுத்து மதியம் ரிப்போர்ட் வந்து டாக்டர் அளவை மாற்றினால் அன்றே மாற்றலாம்.

ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனையில் உங்கள் எண் எதற்குள் இருக்க வேண்டும் என்று கேட்டு அட்டையில் எழுதுங்கள். வால்வின் இடத்தைப் பொறுத்து 2 முதல் 3, அல்லது 2.5 முதல் 3.5 என்று சொல்வார்கள். முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஆனால் வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுகிறீர்களோ அதே அளவில் சாப்பிடுங்கள். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் கிடையாது என்றால் எண் ஊஞ்சலாடும். கள்ளோ சாராயமோ வேண்டாம். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கினால் மூன்று நான்கு நாளில் ஒரு பரிசோதனை அதிகமாகத் தேவைப்படும். இடுப்பில், புட்டத்தில் ஊசி வேண்டாம் என்று எந்தக் கிளினிக்கிலும் முதலிலேயே சொல்லுங்கள், தசைக்குள் ரத்தம் கட்டிவிடும். கருப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்கி, மூச்சும் வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஆயுர்வேதக் கஷாயமும் அரிஷ்டமும் கூடவே குடிக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

இங்கிலீஷ் டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைத்துக் குடிப்பதுதான் ஆபத்து. உங்கள் தாளில் அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். அரிஷ்டங்கள் புளித்து உருவாவதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. மெட்ரோனிடசோல் போடும் நாட்களிலும் அதற்குப் பின் மூன்று நாட்களும் அரிஷ்டத்தைத் தவிருங்கள்; முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரலாம். அதிமதுரம் அதிகம் சேர்ந்த கஷாயம் பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் மாத்திரையும் இருதய மருந்தான டைஜாக்சினும் போடுகிறவருக்கு அதனால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். தைராய்டு மாத்திரைக்கும் ஒரு வார்த்தை: அதை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கிறேன். சாரல் காலத்தில் சில மாத்திரை பிசுபிசுக்கிறது. பாட்டிக்கு எழுத்தும் தெரியாது.
– பேத்தி, குற்றாலம் அருகே

நாலு வேளை, ஏழு நாள் என்று 28 அறை கொண்ட டப்பா நல்லது. அதில் எழுத்து வேண்டாம். காலைக்குச் சூரியன், மதியத்துக்குச் சோற்றுத் தட்டு, மாலைக்கு விளக்கு, இரவுக்கு நிலா என்று வரைந்து ஒட்டுங்கள். ஒரே ஆள், ஒரே நாளில், தாளைப் பார்த்து நிரப்ப வேண்டும். இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் ஈரத்தை உறிஞ்சும் மாத்திரை, அதை டப்பாவில் போடாதீர்கள். கரையும் மாத்திரைகளும் அப்படியே. இவற்றை அட்டையிலேயே வைத்து, டப்பாவில் அந்த வேளைக்கான அறையில் ஒரு புளியங்கொட்டையைப் போடுங்கள். புளியங்கொட்டை கிடந்தால் வெளியே ஒரு மாத்திரை காத்திருக்கிறது என்று பாட்டி புரிந்துகொள்வார். டப்பா அடுப்படியிலும் வேண்டாம், குளியலறையிலும் வேண்டாம்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு 5 மி.கி. மாத்திரையும் டப்பாவுக்குள் வேண்டாம். அட்டையோடு பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கட்டும். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்கின் அடியில் ஒன்று, விழுங்கக் கூடாது. நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108. எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான்.